மழைமேகத்தில் நிறைந்த பேட்டரி

இனிமேல் செத்தாலும் விலைக்கு வாங்கிய கரண்டைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்தேன். கரண்டைத் தொட்டால் சாகத்தான் வேண்டும் என்பது வேறு விஷயம். சபதம் எடுத்த இடம் வாரிண்டா ஊருக்கு வெளியே, ஆற்றங்கரை. கையில் டீக்கோப்பை. சபதம் எடுக்கிறவன் கையில் டீ வைத்திருக்கக் கூடாது. ஆவேசத்தில் கை உயர்ந்தது. பாதி டீ கால்சட்டையில்.

"சபதம் சூடா இருக்கா மெர்வ்?" என்றாள் நோலா.

நோலா என் மனைவி. நான் மெர்வின் டக்வெல். பிரிஸ்பேன் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றதும் ஆஸ்திரேலியாவில் எல்லாக் கிழவன் கிழவியும் செய்வதையே நாங்களும் செய்தோம். வீட்டைப் பூட்டினோம். காருக்குப் பின்னால் கேரவனை மாட்டினோம். கிளம்பிவிட்டோம்.

கேரவன் கூரையில் இரண்டு சோலார் பேனல். கட்டிலுக்கு அடியில் பேட்டரி. மடக்கித் தூக்கிப் போகிற மாதிரி இன்னொரு பேனல். பகலில் வெயில் பேட்டரிக்குள் இறங்கும். ராத்திரி அதுவே விளக்காகவும் ஃபிரிட்ஜாகவும் தண்ணீர் பம்பாகவும் வெளியே வரும். இதில் மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அதனால்தான் இந்தத் துறையில் நான் நிபுணன்.

சபதத்துக்குக் காரணம் நோலாவின் முழங்கால். குளிர்காலத்தில் மேற்குக் குயின்ஸ்லாந்து இரண்டு வேஷம் போடும். பகலில் சட்டையைக் கழற்று என்கும். சூரியன் விழுந்ததும் பல்லைக் கிடுகிடுக்க வைக்கும்.

"ஊருக்குள்ள ஒரு கேரவன் பார்க் இருக்கு மெர்வ். கரண்ட் குடுக்கறாங்க. ஹீட்டர் போட்டுக்கலாம். ராத்திரி என் முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது."

"தலைக்கு மேல சூரியன் இனாமா நிக்கறான். அவனை விட்டுட்டு எவன்கிட்டயோ போய் கரண்ட் வாங்கறதா? அவமானம்!"

"பகல்ல நிக்கறான். அதனாலதான் பகலவன்னு பேரு. ராத்திரிக்கு எவன்?"

"ராத்திரிக்குப் பேட்டரி."

"பேட்டரி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்குமா?"

"நான் இருக்கேனே!"

"நீயா? உன் பாதம் ரெண்டும் ஐஸ்ல வெச்ச மீன்."

எங்கள் கேரவனில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் ஏன் இருக்கின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தப் பேச்சைப் பக்கத்துக் கேரவன்காரர் டார்சி கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், பெரிய மீசைக்காரர். அவரிடம் ஒரு கிழட்டு ஜெனரேட்டர் உண்டு. தினமும் காலையில் அதை முடுக்குவார். ஆற்றங்கரை முழுக்க அதிரும். பெலிகன் பறவைகள் எழுந்து அடுத்த வளைவுக்குப் போய்விடும். அதை நான் 'புகைப் பூதம்' என்றுதான் சொல்வேன். அவர் முகத்துக்கு நேரேயே சொல்வேன்.

"டார்சி, நீங்களே சாட்சி," என்றாள் நோலா. "இந்த ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் எங்க பேட்டரி மீட்டர் பாதிக்குக் கீழ இறங்கலைன்னா, நான் இனி கரண்டுங்கற வார்த்தையையே எடுக்க மாட்டேன். இறங்கிச்சுன்னா ஊருக்குள்ள போறோம். ஊர் சுத்தி முடிக்கற வரைக்கும் துணி துவைக்கறது இவர்."

"ஞாயிறு வரைக்கும் ஞாயிறு என்னைக் கைவிடாது," என்றேன் நான்.

"எழுதி வெச்சுக்கறேன்," என்றார் டார்சி. எழுதவில்லை. மீசையைத்தான் தடவினார்.

முதல் நாள் சூரியன் என் கட்சி. மீட்டர் நிரம்பி நின்றது. நாற்காலியில் சாய்ந்து, தூண்டிலை ஆற்றில் போட்டு, உலகத்தை மன்னித்தேன். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சூரியனைப் பற்றிப் பாடம் எடுத்தேன். பேனலை எந்தப் பக்கம் சாய்ப்பது, எப்படித் துடைப்பது, வயரை எப்படிச் சுற்றுவது. கேட்காதவர்களுக்கும் எடுத்தேன். கேட்காதவர்கள்தான் அதிகம்.

மறுநாள் காலை மீட்டரைப் பார்த்தேன். இறங்கியிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் ராத்திரி நாங்கள் ஒரு விளக்குகூடச் சரியாகப் போடவில்லையே!

"இறங்கியிருக்கா மெர்வ்?" நோலா டீ போட்டுக்கொண்டே கேட்டாள்.

"லேசான இறக்கம்."

"பேட்டரிக்கு ஏது இரக்கம்!"

நான் கூரையில் ஏறினேன். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் என்பார்கள். நான் கூரை ஏறிச் சூரியனையே பிடிக்கப் போனவன். மேலே போனதும் விஷயம் புரிந்தது. தூண்டில் போட வசதியாக இருக்கட்டும் என்று கேரவனை ஒரு கூலிபா மரத்துக்குக் கீழே நிறுத்தியிருந்தேன். மரம் நிறைய வெள்ளைக் கிளிகள். ராத்திரி பூரா கூட்டம் நடத்திவிட்டு, தீர்மானங்களை என் பேனல் மேல் நிறைவேற்றிவிட்டுப் போயிருந்தன. கறுப்பாக இருக்க வேண்டிய பேனல் வெள்ளையடித்த சுவராக இருந்தது.

"பக்கெட்ல தண்ணி குடு! துணி குடு!"

நோலா துணியை எறிந்தாள். துடைத்து முடித்த பிறகுதான் பார்த்தேன். என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை.

"கிளிக்கு மரியாதையா இருக்கட்டும்னு குடுத்தேன்," என்றாள்.

அன்று பகல் முழுக்க மடக்குப் பேனலைத் தூக்கிக்கொண்டு வெயிலோடு வெயிலாக நடந்தேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். நிழல் என் பேனல் மேல் ஒரு விரல் விழுந்தாலும் துடித்துப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடினேன். நோலா மற்ற பெண்களோடு நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து என்னை ஒரு தரமாவது இப்படித் தூக்கிட்டு நடந்திருக்காரான்னு கேளுங்க," என்றாள்.

"நீ மடக்க முடியாத பேனல்," என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். என் பக்கம் சிரித்தார்களா, அவள் பக்கம் சிரித்தார்களா என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. நிழல் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையிலும் மீட்டர் இறங்கித்தான் இருந்தது. அதற்கடுத்து வானமும் இறங்கியது. மழைக்காகப் பண்ணைக்காரர்கள் வருஷக்கணக்கில் வாயைப் பிளந்து காத்திருக்கும் ஊர் அது. நான் சபதம் எடுத்த வாரம் பார்த்து மேகம் வந்தது. சாம்பல் நிறத்தில், ஈரக் கம்பளி மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. மழையாவது பெய்ததா? அதுவும் இல்லை. சும்மா வந்து படுத்துக்கொண்டது.

மீட்டர் பாதியை எட்டிப் பார்த்தது.

நோலாவும் மற்ற பெண்களும் காலையில் ஆற்றோரமாக நடக்கப் போவார்கள். முட்டிக்கு நல்லதாம். அவர்கள் தலை மறைந்ததும் நான் டார்சியின் வாசலில் நின்றேன்.

"என்னய்யா மெர்வ்? என் புகைப் பூதத்தைத் திட்ட வந்தியா?"

"டார்சி, உங்க ஜெனரேட்டர்ல கொஞ்சம் கரண்ட்..."

"சபதம்?"

"விலைக்கு வாங்கினதைத் தொடமாட்டேன்னுதான் சபதம். இது இனாம்தானே?"

"யாரு சொன்னா இனாம்னு?" டார்சி மீசையைத் தடவினார். "உன் வீட்டுக்காரி பேரீச்சம்பழம் போட்டு ஸ்கோன் ரொட்டி சுடறாளே. வாசனையிலயே நான் செத்துப் பிழைக்கறேன். தினம் பாதி எனக்கு. அவளுக்குத் தெரியக் கூடாது."

"அது விலை இல்லையா?"

"பண்டமாற்று."

பேரம் படிந்தது. அவர் கேரவனிலிருந்து என் கேரவனுக்கு ஒரு வயர். அதை மணலில் புதைத்தேன். மேலே சருகு போட்டேன். வெளிக்கரண்ட் மாட்டுகிற ஓட்டை கேரவனின் பின்பக்கம் இருக்கிறது. அங்கே போய் மாட்ட வேண்டுமானால் வண்டிக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். ஊர்ந்தேன். மாட்டினேன். மீட்டர் மெல்ல மேலே ஏறியது. என் மானம் மெல்லக் கீழே இறங்கியது. இரண்டும் ஒரே வேகம்.

நான் ஆயுசெல்லாம் டிக்கெட் இல்லாமல் வந்தவர்களைப் பிடித்தவன். கழிப்பறைக்குள் ஒளிந்தவன், தூங்குவதுபோல் நடித்தவன், பாட்டியின் மடியில் குழந்தையாகப் படுத்த மீசைக்காரன், எல்லாரையும் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரையும் ஒரே பார்வையில் கூனிக்குறுக வைத்திருக்கிறேன். இப்போது வண்டிக்கு அடியில் மண்ணோடு மண்ணாக நான் படுத்திருக்கிறேன். வித்தவுட்!

பெண்கள் திரும்பும் சத்தம் கேட்டால் வயரைப் பிடுங்குவேன். சருகைத் தள்ளுவேன். முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டு, பேனலைத் துடைப்பதுபோல் நிற்பேன்.

"இன்னிக்கு எப்படி மெர்வ்?"

"ஏறியிருக்கு. பார்."

"அட! இந்த மூட்டத்திலயா?" நோலா கண்ணை விரித்தாள். "பெரிய ஆள்தான் நீ!"

அந்தப் பாராட்டு முள்ளாகக் குத்தியது. முள்ளோடு முள்ளாக இன்னொரு தொல்லையும் வந்தது.

"மெர்வ், ஸ்கோன் எங்க? காலையிலதானே சுட்டேன். பாதியைக் காணோம்?"

"நான்தான்... தின்னுட்டேன்."

"அத்தனையுமா?"

"பசி. பேனல் தூக்கறேன் இல்ல?"

மறுநாளும் பாதி போனது. அதற்கு மறுநாளும். நோலாவின் முகத்தில் கவலை படர்ந்தது.

"இவ்வளவு இனிப்பா? டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னார்? சர்க்கரை எல்லையில நிக்குதுன்னு சொன்னாரா இல்லையா? இன்னியிலேர்ந்து உனக்கு ஸ்கோன் கிடையாது. ராத்திரிக்கு வேகவெச்ச பூசணி. மதியத்துக்கு வேகவெச்ச முட்டைக்கோஸ்."

"நோலா..."

"எனக்கு நீ வேணும் மெர்வ்."

இதற்கு மேல் புருஷன் என்ன பேசுவது? நான் தின்னாத ஸ்கோனுக்காகப் பூசணி தின்றேன். உப்பில்லை. பக்கத்துக் கேரவனிலிருந்து வெண்ணெய் உருகும் வாசனை வந்தது. டார்சி சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடி, மெல்ல மென்றுகொண்டிருந்தார். மீசையில் துணுக்கு ஒட்டியிருந்தது. அதையும் விடவில்லை.

ஆற்றங்கரையில் மற்ற எல்லார் பேட்டரியும் படுத்துவிட்டது. ஃபிரிட்ஜ்கள் அணைந்தன. சாயந்திரம் விளக்குக்குப் பதில் மெழுகுவர்த்தி. எங்கள் கேரவன் மட்டும் ஜகஜ்ஜோதி. போதாக்குறைக்கு நோலா ஆற்றங்கரை முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டாள்.

"எங்க மெர்வுக்குச் சூரியன்னா அப்படி ஒரு கை! மேகத்துக்குள்ளயிருந்தே உறிஞ்சிடறார்!"

ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். எந்தக் கோணம் மெர்வ்? எந்த வயர் மெர்வ்? எனக்குப் பின்னால் கை கட்டி நின்று என் பேனலைப் பார்த்தார்கள். என் பேனலில் ஒன்றும் இல்லை. ஒரு மேகத்தின் நிழல்தான் இருந்தது. வடக்கே கொஞ்சம் சாயுங்க, பொறுமை வேணும், நல்ல எண்ணத்தோட துடைங்க என்று என்னென்னவோ உளறினேன். சாமியார்கள் எப்படி உருவாகிறார்கள் என்பது அந்த வாரம் எனக்குப் புரிந்தது.

பிறகு மொய்ரா வந்தாள்.

மொய்ராவும் அவள் கணவர் ஃபெர்கஸும் ஆற்றின் வளைவில் ஒரு சின்ன கேரவனில் இருந்தார்கள். ஃபெர்கஸ் வாழ்நாளெல்லாம் ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தவர். மலை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரி சிரிப்பு. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். அதற்காக முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் உண்டு. அது ராத்திரி பூரா ஓட வேண்டும்.

"மெர்வ், ஒரு யோசனை கேக்கணும்," என்றாள் மொய்ரா. சின்ன உருவம். கையை மடியில் கோத்துக்கொண்டு பேசுவாள். "எங்க பேட்டரி தாங்குமான்னு தெரியலை. ஊருக்குள்ள போயிடலாமான்னு பார்த்தோம். ஃபெர்கஸுக்கு இந்த ஆத்தை விட்டு வர மனசில்லை. நீங்க இந்த மூட்டத்திலயும் சமாளிக்கறீங்கன்னு நோலா சொன்னா. எங்களால முடியுமா? நீங்க முடியும்னு சொன்னா இருப்போம்."

நான் வாயைத் திறந்தேன். உண்மை தொண்டை வரை வந்தது. அந்த நேரம் பார்த்து இன்னும் இரண்டு பேர் என் பேனலைப் பார்க்க வந்து நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்து ஜன்மத்தில் யாரும் தொப்பியைக் கழற்றியதில்லை.

"முடியும்," என்றேன். "கொஞ்சம் வடக்கே சாய்ச்சு வைங்க."

"ரொம்ப நன்றி மெர்வ்," என்றாள் மொய்ரா. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

அன்று பூசணியும் இறங்கவில்லை. படுத்தால் கண் மூடவில்லை. மூடினால் ஃபெர்கஸின் மூச்சு நின்றது. எதிர்க் கட்டிலில் நோலா மட்டும் பூனை மாதிரி சுருண்டு நிம்மதியாகத் தூங்கினாள். குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. அவள் முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. விடிந்ததும் செருப்புகூடப் போடாமல் ஆற்று வளைவுக்கு ஓடினேன். ஃபெர்கஸ் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா மெர்வ்! பிரமாதமான தூக்கம்! எல்லாம் உன் புண்ணியம்!"

ஓடிவந்த வேகத்திலேயே திரும்பினேன். உயிரோடு இருக்கிறாரே என்று சந்தோஷம். புண்ணியம் என்றாரே என்று வெட்கம். இன்று ராத்திரி என்ன ஆகுமோ என்று பயம். மூன்றும் ஒரே வயிற்றில், முட்டைக்கோஸோடு.

அன்று சனிக்கிழமை. சாயந்திரமானால் ஆற்றங்கரையில் எல்லாரும் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நெருப்பைச் சுற்றி உட்காருவது வழக்கம். நான் போகாமல் இருக்கப் பார்த்தேன்.

"வயித்து வலி," என்றேன்.

"நீ இல்லாம எப்படி? இன்னிக்கு நீதானே பேசறே," என்றாள் நோலா.

"யாரு பேசறா?"

"நீதான். 'மேகத்திலும் பேட்டரியை நிரப்புவது எப்படி?' நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நல்ல சட்டையாப் போட்டுக்கோ. ஓ, அதுதான் கிளிக்குப் போயிடுச்சே."

நெருப்பைச் சுற்றி ஆற்றங்கரை மொத்தமும் இருந்தது. டார்சி முன்வரிசையில் கால் மேல் கால் போட்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். கைதட்டினார்கள்.

"நண்பர்களே, பேனல் என்பது..."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பேனலை நாம் சாய்க்கும்போது..."

ஃபெர்கஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாது என்று அந்தப் பெரிய மனுஷன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி என் வாயைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"ஃபெர்கஸ்," என்றேன். "இன்னிக்கு ராத்திரி நீங்க இங்க படுக்கக் கூடாது. ஊருக்குப் போயிடுங்க. இப்பவே. உங்க சாமானை நான் கட்டித் தரேன். நான் சொன்னது பொய். மேகத்துலேர்ந்து ஒண்ணும் வராது. என் பேட்டரியில இருக்கறது சூரியன் இல்லை. டார்சியோட ஜெனரேட்டர். திருட்டு வயர். மணல்ல புதைச்சிருக்கேன்."

நெருப்பில் ஒரு கட்டை வெடித்தது. யாராவது திட்டினால் நன்றாயிருக்கும் என்று இருந்தது. பூமி பிளந்தால் இன்னும் நன்றாயிருக்கும். என் காது இரண்டும் அனலாக எரிந்தது. அந்தச் சூட்டில் ஒரு பேட்டரி நிரப்பலாம்.

மொய்ராதான் முதலில் பேசினாள்.

"உக்காருங்க மெர்வ். எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எங்க பேட்டரியும் டார்சி ஜெனரேட்டர்லதான் ஏறுது. மேகம் வந்த அன்னிக்கே நோலா வந்து வயர் போட்டுக் குடுத்துட்டா. ஃபெர்கஸ் மூச்சோட விளையாட முடியுமா?"

"அப்ப நீங்க என்கிட்ட கேட்டது?"

மொய்ரா நெருப்பைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றிய மனிதர் தொண்டையைச் செருமினார்.

"தினம் காலையில ஆத்தோரமா நடந்து போறோமா? அந்த வளைவுலேர்ந்து பார்த்தா உங்க வண்டிக்கு அடி நல்லாத் தெரியுது மெர்வ்," என்றாள் இன்னொரு பெண். "முகம் தெரியாது. பின்பக்கம் மட்டும்தான் தெரியும். அதுவே போதுமா இருந்தது."

அதற்குப் பிறகு ஆற்றங்கரை சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த கிளிகள் எல்லாம் எழுந்து பறந்தன. ஃபெர்கஸ் மட்டும் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாதாம்; வயர் விஷயத்தை மொய்ரா அவரிடம்கூடச் சொல்லவில்லையாம். நிஜமாகவே என் பேச்சைக் கேட்கத்தான் நாற்காலியை இழுத்தாராம். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

நானும் நோலாவும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கேரவனுக்குத் திரும்பினோம். அவள் சிரிக்கவில்லை.

"டார்சி என்னிக்குச் சொன்னார்?" என்றேன்.

"நீ கேட்ட அன்னிக்கே. ஸ்கோன் கேக்கச் சொன்னதே நான்தான். நீ பூசணி தின்ன வேற வழி தெரியலை."

"அது போகட்டும். மொய்ரா?"

நோலா நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"மொய்ராவை அனுப்பினது நான் மெர்வ். ஒருத்தரோட மூச்சுன்னு வந்தா எங்க மெர்வ் ஒரு நிமிஷம்கூடப் பொய் சொல்ல மாட்டார்னு அவகிட்டச் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்." நாற்காலியை மடக்கினாள். "நீ வடக்கே சாய்க்கச் சொன்னியாம்."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என் முன்னால் டிக்கெட் இல்லாமல் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று அந்த இருட்டில் எனக்குத் தெரிந்தது.

"தப்புதான் நோலா."

"தப்புதான். ஒரு நாள் லேட்டா வந்தே. ஆனா வந்துட்டே. அத்தனை பேர் முன்னாடி வந்தே." என் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "நானும் ஒண்ணு சொல்லணும். பேட்டரி முதல் நாள்லேர்ந்து ஏன் இறங்கிச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"கிளி. நிழல். அப்புறம் மேகம்."

"கம்பளி."

"என்ன கம்பளி?"

உள்ளே போய்த் தன் போர்வையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு மின்சாரக் கம்பளி. தலையணைக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச். வாரிண்டாவில் நான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்க்கடையில் வாங்கினாளாம்.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கூரை ஏறினேன். கிளி எச்சம் துடைத்தேன். பேனலைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் நடந்தேன். மண்ணில் ஊர்ந்தேன். முட்டைக்கோஸ் தின்றேன். எல்லாம் இவள் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க!

"அப்ப பந்தயம் செல்லாது!" என்றேன்.

"ஏன் செல்லாது? டார்சி கரண்டையும் நான் கணக்குல எடுக்கலை. என் கம்பளியையும் நீ எடுக்காதே. இதுவரைக்கும் மீட்டர் பாதிக்குக் கீழ இறங்கலை. நாளைக்குக் காலையில பார்க்கலாம். இறங்காம இருந்தா நீ ஜெயிச்சே."

மீட்டரைப் பார்த்தேன். முக்கால். வயர் கிடையாது, ஆனால் ஒரே ஒரு ராத்திரிதான். அவள் கம்பளியை லேசான சூட்டில்தான் வைப்பாளாம். கணக்குப் போட்டேன். தாங்கும். இத்தனை அவமானத்துக்குப் பிறகும் ஜெயிக்கப் போகிறேன்!

என் கட்டிலில் படுத்தேன். கட்டிலா அது? பனிப்பாளம். பல் அடித்துக்கொண்டது.

"மெர்வ்," என்று எதிர்க் கட்டிலிலிருந்து குரல். "சத்தம் தாங்கலை. இந்தப் பக்கம் வா."

"பாதம் மீன் மாதிரி இருக்குமே?"

"வா. சுட்டுக்கலாம்."

போனேன். ஒற்றைக் கட்டிலில் இரண்டு பேர். ஒட்டித்தான் படுக்க வேண்டும். அந்தச் சூடு முதலில் பாதத்தில் பிடித்தது. பிறகு முதுகு. பிறகு அந்த வாரம் முழுக்க இறுகிக் கிடந்த எல்லாம் ஒவ்வொன்றாக இளகியது. இப்படி ஒரு சுகம் உலகத்தில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! தூக்கத்தில் ஏதோ முனகியது நினைவிருக்கிறது. அவ்வளவுதான்.

கண் விழித்தபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. சன்னலில் வெயில். மேகம் போன இடம் தெரியவில்லை. வானம் துடைத்து வைத்த மாதிரி நீலம். நோலா டீக்கோப்பையோடு மீட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மீட்டர் பாதிக்குக் கீழே. நன்றாகவே கீழே.

"எப்படி? லேசான சூட்டுலதானே வெச்சே?"

"நான் லேசாத்தான் வெச்சேன். 'இன்னும் கொஞ்சம் ஏத்து நோலா, இன்னும் கொஞ்சம் ஏத்து'ன்னு சொன்னது யாரு?"

டீயை வாங்கிக் குடித்தேன். தோற்றவன் தோற்றதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். எழுந்து கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கேரவனைக் காரில் கோக்க வெளியே கிளம்பினேன்.

"எங்க போறே?"

"வண்டியைப் பூட்டத்தான். ஊருக்குப் போகணுமே. கேரவன் பார்க்."

நோலா ஒரு வாரத் துணி மூட்டையையும் பக்கெட்டையும் என் கையில் கொடுத்து, ஆற்றைக் காட்டினாள்.

"ஊருக்கு எதுக்கு மெர்வ்? அங்க வாஷிங் மெஷின் இருக்கு."